ஈர விரிப்புகளின் கணக்கு

மன்னருக்கு ஏழு வயது.
முடிசூட்டிய அன்று மகுடம் காதுவரை இறங்கியது.
உள்ளே கம்பளியைச் சுருட்டி வைத்துத் தைத்தவள் நான்தான்.
கோட்டைக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் தெரியாது.

ஒலாத்ஸில் சேவல் கூவுமுன்
பின்படிக்கட்டில் நின்று
விரிப்பை என் கையில் திணிப்பாள்
பள்ளியறைக்காரி தோடா.
பேசமாட்டாள்.
கனத்தை வைத்தே எனக்குப் புரிந்துவிடும்.

பிரெஞ்சுத் தூதன் தங்கிய மூன்று இரவும் ஈரம்.
தாயாரைக் கன்னிமாடத்துக்கு அனுப்பிய இரவு ஈரம்.
சிற்றப்பா ஒச்சோவா
விருந்து மேசையில் சிரித்துப் பேசிய இரவெல்லாம்
மெத்தைவரை ஈரம்.

நாட்டு நடப்பைக் கேட்க
மற்றவர்கள் சந்தைக்குப் போனார்கள்.
நான் ஆற்றுக்குப் போனேன்.

உறைபனி மாதங்களில்
கட்டையால் அடித்துத் துளையிட்டுத்தான் துவைக்க வேண்டும்.
பிறகு வெள்ளாவி.
அதற்கு பீச்சு மரச் சாம்பல் கொண்டுவருகிறவன் பெல்ட்சா,
உப்புக் கிணற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து.
தன் கழுதைக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தான்;
காவலர் வந்தால் மட்டும்
வேறு பெயரில் கூப்பிடுவான்,
அது திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒருநாள் ஒச்சோவாவின் எழுத்தன் படித்துறைக்கு வந்தான்.
துவைகல்லில் ஐந்து வெள்ளிக்காசை வைத்தான்.
"மன்னர் நன்றாகத் தூங்குகிறாரா, அமுனா?"
"தூக்கத்தை யாரும் வெளுக்கப் போடுவதில்லையே, ஐயா."
"விரிப்பைப் போடுவார்கள்."
ஆப்பிள் மது கொட்டிவிட்டது என்றேன்.
குனிந்து முகர்ந்துவிடுவானோ என்று
சாம்பல்நீரை அதன்மேல் கவிழ்த்தேன்.

காசை எடுத்துக்கொண்டேன்.
எடுக்காவிட்டால் சந்தேகம் வரும்.
அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்;
அந்தக் குளிருக்கு எனக்குக் காலுறை வேண்டியிருந்தது.

ஆறு ஆண்டுகள்.
மன்னரின் குரல் உடைந்தது.
மகுடத்திலிருந்து கம்பளியைப் பிரித்தெடுத்தேன்.
வேட்டையில் ஒச்சோவா குதிரையிலிருந்து விழுந்தார்.
விழுந்தார் என்றுதான் சொல்கிறார்கள்.
அன்று இரவு, உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

அறுவடை முடிந்ததும்
உப்புப் பள்ளத்தாக்கு வரி தர மறுத்தது.
மூன்று பேரைப் பிடித்துவந்தார்கள்.
அரக்கு முத்திரையை முதல்முறையாக
மன்னரே தன் கையால் அழுத்தினாராம்.
கை நடுங்கவில்லையாம்.
சபை மெச்சியதாம்.
மூன்றாவது பெயர் பெல்ட்சா.

மறுநாள் தோடா சிரித்துக்கொண்டே வந்தாள்,
விரிப்பை மடித்தே தந்தாள்.
ஆறு ஆண்டுகளில் முதல்முறையாகப் பேசினாள்:
"இனி உனக்கு வேலை குறைவு."
மடிப்பில் முகத்தைப் புதைத்துப் பார்த்தேன்.
நான் உலர்த்திய வெயிலின் வாசம் அப்படியே இருந்தது.
ஒரு சொட்டு இல்லை.

படித்துறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ராணி தானாகவே இறங்கி வந்து நின்றது,
முதுகில் மூட்டை இல்லாமல்.

அப்புறம் அந்த விரிப்பை ஆற்றில் முக்கினேன்.
அடித்துத் துவைத்தேன்,
சாம்பல் இல்லாமல்.