எண்பத்து நாலு

தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள்: நூறாண்டுக்கு ஒருமுறை.
விகுன்யாவில் மதியத்துக்குள் டிக்கெட் தீர்ந்தது.
குன்றின்மேல் மூன்று தொலைநோக்கிகள்,
பிப்ரவரியிலும் கம்பளி போர்த்திய முப்பது பேர்,
வழிகாட்டியாக நான்.

காசை வாங்கிப் போட்ட பிறகுதான்
உண்மையைச் சொல்வது என் வழக்கம்:
கோள்கள் என்றைக்கும் வரிசையில்தான் நிற்கின்றன.
வானத்தின் குறுக்கே கட்டிய ஒரே கொடிக்கயிறு,
காய்கிற துணிதான் கூடும், குறையும்.
நாலைந்து சேர்ந்து தெரிவது
சில வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற சமாசாரம்.
எட்டும் அம்பு விட்டதுபோல் நேர்கோட்டில் நிற்க
சூரியனுக்கே அவ்வளவு ஆயுள் கிடையாது.

"அப்போ காசைத் திருப்பித் தருவீங்களா?"
என்றான் ஒரு பொடியன்.
எல்லோரும் சிரித்தோம்.
தரவில்லை.

மேற்கே வெள்ளி,
அதன் காலடியில் மங்கலாய்ச் சனி.
வடக்கே வியாழன். வடகிழக்கே சிவந்து செவ்வாய்.
ஒரே இரவில் நான்கு கிழமைகள்.

கூட்டம் கலைந்தபின் நிபால்தோ அருகில் வந்தார்.
செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்,
சக்கரம் மட்டுமே அவரைப்போல் இரண்டாள் உயரமாம்.
ஏழு நாள் மலையில், ஏழு நாள் வீட்டில்.
மனைவி எதெல்மிரா ஆஸ்பத்திரியில்,
நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு.
மகன் யெர்கோ வடக்கே லித்தியக் குளங்களில்,
பதினாலு அங்கே, பதினாலு இங்கே.
"இன்று காலை மூன்று பேரும்
ஒரே நாளில் வேலை முடித்து வந்து இறங்கினோம்.
மறுபடி இப்படியே எப்போது வரும்?
கோள்களுக்குக் கணக்குப் போடுகிறீர்களே."

டிக்கெட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
பதினாலு, ஆறு, இருபத்தெட்டு.
பள்ளியோடு விட்டுவந்த மீச்சிறு பொது மடங்கு
இந்தக் குன்றில் வந்து நின்றது.
எண்பத்து நாலு நாள், என்றேன்.
நடுவில் அரையும் குறையுமாகச் சந்திப்பீர்கள், வானத்தைப்போல.
யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற எண்பத்து நாலு வருஷம்.
இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, என்றும் சொன்னேன்.
அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"யெர்கோ எங்கே? அவனுக்கும் காட்டலாமே."
வண்டிக்குள் தூங்குகிறான்,
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
எழுப்பப்போன எதெல்மிரா
கதவில் கைவைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்:
"இது இன்றைக்கு மட்டும்தானா?"

இல்லை. நாளைக்கும் இருக்கும்.
இன்னும் இரண்டு மூன்று வாரம் இப்படித்தான்,
கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டு.

"அப்போ தூங்கட்டும்."

கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கிவிட்டு
அங்கேயே நின்றாள், வானத்துக்கு முதுகு காட்டி.
நிபால்தோ மறுபடியும் தொலைநோக்கியில் குனிந்தார்,
வளையத்தை இன்னொரு தரம் பார்க்க.
சனி அதற்குள் மலைக்குப் பின்னால் போயிருந்தது.