பெட்டி 17, கோப்பு 3

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது
மண்ணெண்ணெய் வாடை.
அதற்குக் கட்டம் இல்லை.
அளவுக்கு உண்டு: அலமாரியில் ஒன்றேகால் மீட்டர்.
மொழிக்கு உண்டு: ஸ்பானிஷ்.
நிலைக்கு உண்டு: ஓரங்கள் உதிர்கின்றன, இரண்டு ஏடுகளில் எலி.

புந்தா அரேனாஸில் இன்று காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
வீதி முனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நூலகத்தின் தகரக் கூரை
யாரோ இழுத்து இழுத்து மூடும் மேசையறை போல
மேலே இரைகிறது.
கீழ்த்தளத்தில் நான்
செவிட்டு முனைக் கலங்கரை விளக்கத்தின்
பதினொரு நாட்குறிப்பேடுகளுக்குத்
தேடுதுணை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உருவாக்கியவர்: ஒயார்சோ, அன்செல்மோ. விளக்குக் காவலர்.
பழைய அட்டையில் அப்படித்தான் இருக்கிறது,
தட்டச்சில், ஊதா மையில், ஐயத்துக்கு இடமின்றி.

நான்காம் ஏட்டில் ஏழு மாறியது.

அதுவரை வெறும் கொக்கியாய்த் தொங்கிய ஏழின் இடுப்பில்
ஒரு குறுக்குக்கோடு.
தென்மேற்குக் காற்று, 7. விளக்கு ஏற்றியது, 7.17.
எல்லா ஏழும் கச்சை கட்டிக்கொண்டு நிற்கின்றன.
அதன்பின் எட்டு ஏடுகள், ஒன்பது குளிர்காலங்கள்.
திரி கத்தரித்த நேரம் ஒரு நாளும் விடுபடவில்லை.
ஓரத்தில் சில இடங்களில் மட்டும்
வானிலையோடு சேராத வரி:
அவருக்கு இன்றும் கை நடுக்கம்.
மாவு தீர்ந்தது. படகைக் காணோம்.

கோப்பு மூன்றில் கம்பளி விற்ற ரசீது.
கையெழுத்து: ஃபிலோமெனா பாமோந்தே.
தொகை: 77 பெசோ.
இரண்டுக்கும் கச்சை.

பழைய அட்டைக்கும் அவளைத் தெரியும்,
ஒரே ஒரு புகைப்படத்தின் அளவுக்கு:
காவலரின் மனைவி, கோழிகளுடன்.
கோழிகளின் எண்ணிக்கையும் குறித்திருந்தார்கள். ஆறு.

"ஏழை வைத்துக்கொண்டு ஓர் ஆளை நிறுவ முடியாது"
என்றாள் தானிட்சா யுத்ரோனிச், பிரிவுத் தலைவி.
பிறர் ஊகங்களைத் துடைத்தே
முப்பது வருடம் ஓட்டியவள். அவள் சொல்வதும் சரி.
நான் அடைப்புக்குறி கேட்டேன். அவள் கேள்விக்குறி கேட்டாள்.
இரண்டையும் போட்டோம்.

ஏடு 1 முதல் 3 வரை: ஒயார்சோ, அன்செல்மோ.
ஏடு 4 முதல் 11 வரை: [பாமோந்தே, ஃபிலோமெனா?]

சேமித்தேன். ஏற்கவில்லை.
வரி 412: திறந்த குறி மூடப்படவில்லை.
ஒரு சாய்கோடு. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்.
அவள் பிழை விட்டபோது அடித்துவிட்டு மேலே எழுதினாள்;
காகிதம் பொறுத்துக்கொண்டது.

பிறகு பழைய அட்டை வரியை அழிக்கத்தான் கை போனது.
அழிக்கவில்லை.
முந்தைய விவரணை என்று கீழே இறக்கி வைத்தேன்,
தப்பை, தப்பாகவே, தேதி போட்டு.
தேடி வருகிறவர்கள்
தங்களிடம் இருக்கிற சொல்லோடுதானே வருவார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று.
தேடல் பதிவில் இந்தத் தொகுப்புக்கு நாற்பது வரி.
பாதிக்குமேல் நானே, சரிபார்க்க.
மிச்சத்தில் ஒன்று, நீரிணைக்கு அந்தப் பக்கம்
போர்வெனிரிலிருந்து, இரவு 1.52-க்கு:
காவலர் மனைவி கோழி

வந்த ஆள் இருபத்தாறு நிமிடம்
ஒன்பதாம் ஏட்டில் இருந்திருக்கிறார்.
ஊர் மட்டும் பதிவாகும்.
பெயரைச் சேமிக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

இன்று நானும் போய் ஒன்பதாம் ஏட்டைத் திறந்தேன்.
பக்கம் 88. நிலைக் கட்டத்தில்
முன்பு எழுதியிருந்தேன்: எண்ணெய்க் கறை.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ரேகை தெரிகிறது.
சேர்த்தேன்: கட்டைவிரல். இடது.

அடுத்தது பெட்டி 18.
இறைச்சி ஆலையின் கூலிப் பட்டியல்;
ஆயிரத்துச் சொச்சம் பேர், பாதிப் பேருக்கு முதலெழுத்து மட்டும்.
கூரை இன்னும் எதையோ
இழுத்து இழுத்துப் பார்க்கிறது.