பதினோரு மாதம்

மரம் நடக்கூடாது என்றார் போஜன்.
சுவரில் ஆணி கூடாது, நாய் கூடாது,
பத்திரத்தில் இல்லாததையும்
வாயால் சேர்த்துக்கொண்டே போனார்.
பூச்செடி? என்றேன்.
எத்தனை நாள் இருக்கும்?
ஒரு பருவம். பூத்ததும் செத்துவிடும்.
அப்படியானால் சரி
என்று சாவியைக் கொடுத்தார்.
ஜூலை ஒன்று. காம்பைக்கடைக்கு மேலே,
பதினோரு மாத ஒப்பந்தம்.

எனக்கு மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை.
கோத்தகிரியில் எந்த மீட்டர்
எந்த நாய்க்குப் பின்னால் இருக்கிறதென்று தெரியும்.
எந்த வாசலில் என்ன பூக்கிறதென்றும்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போவதால்
நான் பார்த்த செடியெல்லாம் தாவித் தாவி வளர்ந்தவை.
ஒருமுறை நாற்று,
அடுத்த முறை பூ,
அதற்கடுத்த முறை சருகு.

சருகின் முறைதான் என் முறை.
ஒரு பூ கேட்டால் யோசிப்பவர்கள்
விதையென்றால் அள்ளித் தருகிறார்கள்.
வீணான ரசீதுத் தாளில் மடித்து
இணைப்பு எண்ணை எழுதிக்கொள்வேன்,
பாதிக்குப் பெயர் தெரியாது.
இருநூற்றுப் பதினான்கு: நீலம், கதிர்போல நிற்பது.
எழுபத்தொன்பது: ஃப்ளாக்ஸ், எல்லா நிறமும்.
முந்நூற்றாறு: டானிங்டன் டீச்சர் வீடு, பெட்டூனியா,
பிரிக்கும்போது தும்மக்கூடாது.

பிப்ரவரியில் விதைத்தேன்.
பெட்டூனியாவை மணலில் கலந்து
மேலாகத் தூவி விட்டுவிட வேண்டும்,
மண் மூடினால் வராது.
பேன்சிக்கு நேரெதிர், இருட்டு கேட்கும்,
அதற்கு இட்லிப் பானையின் மூடி.
நீலக்கதிர் பத்து நாள் ஃப்ரிட்ஜில்
தயிருக்குப் பின்னால் கிடந்தது.

முளைத்த வாரமே மூடுபனி, மூன்று நாள்.
நாற்றழுகலுக்குச் சத்தமே இல்லை.
மாலையில் நின்றவை காலையில்
இடுப்பில் நூல் போட்டு இறுக்கியதுபோல்
மடிந்து கிடந்தன.
எழுபத்தொன்பது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மார்ச்சில் ஜக்கனாரை போனபோது
முளைச்சுதா என்றார் ரெஜினா அக்கா.
நல்லா முளைச்சுது என்றேன்.
மீட்டர் எண்ணை நான் எழுதி முடிப்பதற்குள்
உள்ளே போய் இன்னொரு பிடி கொண்டுவந்தார்.
பனி விட்டப்புறம் போடு தம்பி,
அவசரப்பட்டவங்க எல்லாரும்
இதே பொய்யைத்தான் சொல்றாங்க.

ஏப்ரல் கடைசியில்
வாசலைப் பார்க்க எனக்கே கூசியது.
ஊதாவை ஒட்டி ஆரஞ்சு,
அதன் தோளில் ரத்தச் சிவப்பு.
துணிக்கடையில் யாரும் அப்படி எடுக்க மாட்டார்கள்.
சாலையில் போகிற வேன்கள்
கொஞ்சம் மெதுவாகப் போயின,
அல்லது அங்கே பள்ளம் இருந்தது.

மே இருபதாம் தேதி போஜன் வந்தார்.
தங்கை மகனுக்கு வீடு வேணும் என்பதை
என் முகத்தைப் பார்க்காமல்
பேன்சியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.
பிறகு, இது இன்னும் சாகலையா? என்றார்.
போகும்போது இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

காலி செய்தேன். ஆனால்
அந்தத் தெருவும் என் கணக்கில்தான் வருகிறது.

ஜூலைச் சாரலில் கதவைத் தட்டினேன்.
யாரு? என்றாள், தலையில் துண்டோடு ஒருத்தி.
கரண்ட் கணக்கு.
மீட்டர் பெட்டியை நஸ்டர்ஷியம் மூடியிருந்தது,
வட்ட இலைகளை விலக்கி எண்ணைப் பார்த்தேன்.
கீழே எல்லாம் நெற்றாகி,
மழையில் பாதி கறுத்து, பாதி வெடித்து.

பிடுங்கிடலாம்னு இருக்கேன், பேரும் தெரியல,
வேணும்னா விதை எடுத்துக்கங்க.

குந்தி உட்கார்ந்து
ஒரு ரசீதை மடித்து
மேலே எழுதினேன்: நூற்று நாற்பத்தொன்று.
பதினோரு மாதம் நான் பணம் கட்டிய எண்.

எவ்வளவு ஆச்சு? என்றாள்.
யூனிட்டைத்தான் கேட்டாள்.
நான் விதைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.