உப்புக் கணக்கு

பெரட்டு நேரத்தில் கிராணி கேட்டார்,
"வெயில் தாங்குவியா?"
பதிலுக்கு நிற்காமல் அவரே சொல்லிக்கொண்டார்,
"தோட்டத்துப் புள்ளதானே. ரத்தத்துலயே இருக்கும்."

பாயான் லெப்பாஸ் சிப் ஆலையில்
மூன்று வருடம் எனக்கு இருபத்தொரு டிகிரி.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
ஒரு துளி வியர்வை பட்டாலும் பலகை கெட்டுவிடும் என்பார்கள்.
பிறகு ஆலை வியட்நாமுக்குப் போனது,
நான் பகாவுக்கு வந்தேன்.

முதல் நாள், நாற்பத்திரண்டாம் நிரை.
உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
பத்து மணிக்கு யாரோ தகரம் தட்டுவது கேட்டது.
சுற்றிலும் தகரம் இல்லை.
என் நெஞ்சு.
வியர்வை தாமதமாக வந்தது,
வந்தபோது கடலையே கொண்டுவந்தது.
கண் எரிந்தது, உதடு கரித்தது,
கறுப்புச் சட்டை காய்ந்ததும் முதுகெல்லாம் வெள்ளைக் கோடு.
"யாரு வரைஞ்சா ஜொகூர் மேப்பு?" என்று
அடுத்த நிரையிலிருந்து சிரித்தாள் அஞ்சாலை அக்கா.

அதே நாளில் பெயர் பதிந்தவன் ரஃபிகுல்.
ரங்பூரின் சனவரிப் பனியில் விமானம் ஏறியவன்.
அவன் முதுகிலும் அதே மேப்பு.
நான் இங்கே நான்காம் தலைமுறை,
அவன் பெர்மிட்டில் மை காயவில்லை.
உப்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அவன் மட்டையோடு மட்டையாய்ச் சரிந்தான்.
"நடிப்பு" என்றார் மண்டோர் தங்கையா.
தோட்டத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு
கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினோம்.
"ஆஸ்தே, ஆஸ்தே" என்று முனகினான்.
யாரோ பெண்ணின் பெயர் என்று நினைத்தேன்.
மெல்ல, மெல்ல
என்பதாம் அது.

கிளினிக்கில் மிஸ்ஸி நளாயினி
அவன் கையில் ஊசி இறக்கியபடியே சொன்னாள்:
"கொள்ளுத் தாத்தா கணக்கெல்லாம் இதுல செல்லாது.
ரெண்டு வாரம் வேணும், யாரா இருந்தாலும்.
ரத்தத்துல தண்ணி கூடணும், நெஞ்சு நிதானமாகணும்,
சூடு ஏறும் முன்னாடியே தோல் வேர்க்கப் படிக்கணும்.
அப்புறம் மூணு நாலு வாரம் குளுகுளுன்னு படுத்துக்கிடந்தா
எல்லாம் மறந்துடும்."

பன்னிரண்டாம் நாள்
யாரும் பார்க்காதபோது மணிக்கட்டை நக்கினேன்.
ஏறக்குறைய மழைத்தண்ணீர்.
உள்ளே ஒரு கஞ்சக் கிராணி உட்கார்ந்து
வாசல் தாண்டப் போகும் உப்பையெல்லாம்
மறித்துத் திருப்பி அனுப்புகிறார்.
சட்டை கறுப்பாகவே காய்ந்தது.

மண்டோரும் கவனித்திருக்கிறார்.
"பழகிருச்சில்ல. பதினொரு மணி ஓய்வு இனி எதுக்கு?"

காற்றே ஈரத்துணி மாதிரி தொங்கும் ஊர் இது.
வியர்வையில் பாதி காயாமல் சொட்டிச் சாக்கில் விழுகிறது.
விழுந்தது வீண்,
காய்ந்தது மட்டும்தான் குளிர்.
இதை அவருக்கு எப்படிச் சொல்ல?
கழுத்தில் விரல் வைத்து, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து,
சத்தமாக எண்ணினேன்.
நூற்று முப்பத்தெட்டு.
"உங்களுக்கு எவ்வளவு, மண்டோர்?"
அவர் லோரியின் நிழலுக்குப் போனார்.
நாங்கள் உட்கார்ந்தோம்,
எழச் சொல்ல ஆள் வரவில்லை.

சம்பளத்துக்கு மறுநாள், பகாவ் டவுனில்
பணம் அனுப்பும் கடை.
ரஃபிகுல் கையில் எண் அறுபத்தொன்று,
பலகையில் முப்பத்துநான்கு.
ஏர்கோண்டு நேரே எங்கள் தலைக்கு மேல்.
அவன் கை மயிர் சிலிர்த்து நின்றது, என்னுடையதும்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
கதவைத் தள்ளி வெளியே வந்து
மத்தியானத்தில் நின்றோம்,
கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்தபடி.