மூன்றாமவளின் கை

பாபுராவ் தெரு லாட்ஜில்
இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை
என்று கூப்பிட்டார்கள்.
மே மாதம். படிக்கட்டுக் கம்பி
தொட்டால் பொத்துப்போகும்.
முதல் திருப்பத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே,
அவர்கள் நால்வர்.

இரண்டடி நீலப் பீங்கானில்
வெள்ளையாகப் புடைத்து, கைகோத்து ஆடுகிறார்கள்.
உடம்பிலிருக்கும் துணியைக்
காற்று மட்டுமே பிடித்து நிறுத்தியிருக்கிறது.
காலடியில் குழல் ஊதும் பையன், ஓர் ஆடு.
எந்த நாட்டுக் காற்றோ.
வேலூரில் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாமவளுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.
வெள்ளையடிக்கிறவர்கள் அந்தத் தழும்புக்கும்
வருஷா வருஷம் ஒரு பூச்சு.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இல்லாததைச் சொல்லியே
அடையாளம் காட்டும் ஊர் இது.
கையில்லாதவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குகிறவர்கள்
ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.
ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்
நால்வர் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்.
ஆட்டுக்கும்.
ஏழாம் நம்பர் அறை வங்காளத்து வாத்தியார்
கிரேக்கம், கிரேக்கம் என்றார்;
டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது, மேலே சொல்லவில்லை.
நாலு பெண்கள் சும்மா ஆடுகிறார்கள்
என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது பீங்கான்.
இருபத்திரண்டு வருஷமாகக்
கக்கூஸ் கோப்பை, வாஷ்பேசின்.
விரல் கணுவால் தட்டினால் சொல்லிவிடும்
வெந்ததா, வேகாததா, உள்ளே கீறல் ஓடுகிறதா என்று.
இவர்களையும் தட்டினேன்.
ராணிப்பேட்டை வாஷ்பேசின் குரலில் பேசினார்கள்.

ஓனர் இனாயத்துல்லா சிரித்தார்.
"லண்டன் சாமான் தம்பி,
பங்களா ஏலத்துல எங்க தாதா எடுத்தது.
மெட்ராஸ்லேர்ந்து ஆள் வர்றான். பாத்துக் கழட்டு."

கழட்டி மடியில் கவிழ்த்தேன்.
பின்பக்கம் லண்டன் இல்லை.
ஈர மண்ணில் ஆணியால் கீறிய ஒரு 'மு'.
பக்கத்தில் கட்டைவிரல் பள்ளம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்,
அவன் விரல் பெரிசு.
முனிரத்தினமா, முத்துவேலா, முஸ்தபாவா,
மு-வுக்கா இந்த ஊரில் பஞ்சம்.

திருப்பி ஈரத்துணியால் துடைத்தபோது
மூன்றாமவள் இடது காலில், இரண்டாம் விரலில்,
மெட்டி.
அவளுக்கு மட்டும்.
கட்டிவைத்திருக்கிறான் கிரேக்கத்துக்காரியை.
யாருக்கென்று எழுதவில்லை.

மெட்ராஸ்காரர் முன்பக்கம் பார்க்கவே இல்லை.
"நாட்டு வேலை" என்றார், டீ குடித்தார், போனார்.
"எடுத்த இடத்துலயே மாட்டிடு" என்றார் ஓனர்,
ஏமாற்றியது நான்தான் என்பதுபோல்.

பைப்பை நாலு இஞ்ச் தள்ளி இறக்கினேன்.
பழைய சிமெண்ட் உதிர்ந்தபோது
சுவரிலிருந்து ஒரு விரல் வந்தது.
பிறகு மூன்று.
எனக்கு முன்னால் பைப்பு போட்டவன்
சந்தை அடைக்கக் கல் போதாமல்
அவள் கையைத் திணித்துப் பூசியிருக்கிறான்.
திட்ட வாயெடுத்தேன்.
காட்பாடியில் ஒரு வீட்டுச் சுவருக்குள்
நான் வைத்துப் பூசிய கொலு பொம்மையின் தலை
ஞாபகம் வந்தது.

ஒட்டியிருக்கலாம். வெள்ளை சிமெண்ட் இருந்தது.
அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது,
மாடி முழுக்க பக்கெட் சத்தம்,
ஏழாம் நம்பரில் குழாய் ஒழுகுகிறது என்றார்கள்.

இப்போது அது என் பெட்டியில்,
அரை இஞ்ச் எல்போக்களுக்கு நடுவே,
யாரையோ பிடித்திருந்த வளைவோடு.
டெஃப்லான் டேப்புக்குத் துழாவும்போதெல்லாம்
முதலில் அதுதான் விரலைப் பிடிக்கிறது.
பாபுராவ் தெருப் பக்கம் வேலை வரட்டும்,
ஒட்டிவிடலாம்.
போன வாரம்கூட வந்தது.