ஆறாவது கூடை

ஒன்பதே கூடைகள்.
மிஞ்சிப்போனால்
கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

குவோபியோவில் மே மாதம்,
நிழலில் இன்னும் அழுக்குப் பனி.
இரவுப் பணி முடித்த ரைலி
ஆஸ்பத்திரிச் செருப்போடே வீசுகிறாள்.
டிஸ்க் இடப்பக்கம் சரிந்து
புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.
"அங்கதான் குறி வச்சேன்" என்கிறாள்.

கணக்கு எழுத அட்டை இருக்கிறது.
பென்சில் இல்லை.
நாலாவதில் அவள் எடுத்தது
ஐந்தா ஆறா என்பதில்
இரண்டு கூடைகள் கடந்துவிட்டன.

ஆறாவதில் என் ஆரஞ்சு டிஸ்க்
ஸ்ப்ரூஸ் மரத்தின் தோளில் ஏறிக்கொண்டது.
இறக்குவதற்கு ஷூவை எறிந்தேன்.
ஷூவும் அங்கேயே.
ஷூவை இறக்க அவளுடைய டிஸ்க்.
அதுவும்.

நாயோடு வந்தவர் அண்ணாந்து பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
மரத்தைப் பிடித்து உலுக்கினார்.
உதிர்ந்தன ஊசியிலைகள்,
ஷூ,
அவள் டிஸ்க்,
பிறகு
நாங்கள் எறியாத ஒரு நீல டிஸ்க்.
அடிப்பக்கம் மார்க்கரில்: ஒஸ்மோ,
ஒரு தொலைபேசி எண்.
ஆரஞ்சு மட்டும் அசையவில்லை.

"அதுவா?" என்றது தூக்கக் குரல்.
"மூணு வருஷமாச்சே.
ஆடி முடிச்சுட்டு
வாசல் பலகையில மாட்டிடுங்க."

ஒற்றை ஷூ நனைந்திருக்க
ஒன்பதாவதில் நின்று நீலத்தை விட்டேன்.
அது என் கைக்குப் பழகாத வளைவொன்று வளைந்து
ஒரே வீச்சில்
சங்கிலிக்குள்.

கலகலவென்ற அந்தச் சத்தம்
ஏரிவரை போயிருக்கும்.

"ஒஸ்மோவுக்கு ஒண்ணுன்னு எழுது"
என்கிறாள் ரைலி.

பென்சில்தான் இல்லையே.