செவ்வாய்க்கிழமை முறை

"மோட்டோரிக்" என்றார் ஃபிராவ் ஏபி.
நுண்ணியது, விரல்களுடையது,
உங்கள் மகனுக்குக் கொஞ்சம் பிந்தியிருக்கிறது.
மோட்டார் என்றால் எனக்குத் தெரிந்தது
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
நூற்றுப்பத்துத் தட்டுகளை விழுங்கி
ஆவி கக்கும் இயந்திரத்தின் மோட்டார்தான்.
அது நின்றுபோனால் ஆள் அனுப்புவார்கள்.
இதற்கு ஒரு தாள் தந்தார்கள்.

மா பிசையட்டும். பயறு பொறுக்கட்டும்.
கிளிப் மாட்டட்டும்.
பென்சில் பிறகு வரட்டும்.

பிறகு என்ற சொல்லோடு எனக்கு ஒத்துவராது.
கிண்டர்கார்ட்டனில் ஜாக்கெட் கொளுவும் கொக்கிகளுக்கு மேல்
எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெயரைத்
தாங்களே எழுதி ஒட்டியிருந்தார்கள்.
என் மகனுடையதை மட்டும் ஆசிரியை எழுதியிருந்தார்,
வடிவான எழுத்தில்.
அந்த வடிவுதான் என்னைச் சுட்டது.

அவர்களுடைய எழுத்தில் யதுசனுக்கு எட்டு எழுத்து.
எங்களுடையதில் நாலு, கடைசியில் ஒரு புள்ளி.
வேலை குறைந்த பக்கத்தில் தொடங்குவோம் என்று
கணக்குப் போட்டேன்.
வளைவுகளை எண்ணவில்லை.

ஞாயிறு பின்னேரம், சாப்பாட்டு மேசை.
பொத்திப் பிடித்த அவன் கைக்கு மேல்
என் கையை வைத்து அழுத்தி
ய என்று இழுத்தேன், து என்று இழுத்தேன்.
கைக்குள் கை, அதற்குள் பென்சில்.
மூன்றில் எது விறைத்துக் கிடந்ததென்று தெரியவில்லை.
முழுப்பெயரும் வந்தது. கைதட்டினேன்.
அவன் தாளைப் பார்த்தான்.
"இது நீங்கள் எழுதினது அம்மா. நான் எழுதேல்லை."
சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே போய்
சப்பாத்தின் ஒட்டுப்பட்டியை
கிர்ர், கிர்ர் என்று
பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தான்.

பென்சிலை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

செவ்வாய் எங்கள் முறை.
நிலவறையில் ஆறு வீட்டுக்கும் ஒரே மெஷின்.
கொடி எட்டாது, கூடையைக் கவிழ்த்து ஏற்றிவிட்டேன்.
கிளிப் முதலில் வாயே திறக்கவில்லை.
இரண்டு கையாலும் நெரித்தான்.
கிளிப்புக்கு முன்னால் அவனுடைய வாய் திறந்தது,
நாக்கு வெளியே வந்தது.
ஒரு காலுறைக்கு ஒரு கிளிப் போதும்.
அவன் ஐந்து மாட்டினான்.
நான் ஒன்றையும் கழற்றவில்லை.
அடுத்த முறைக்காரர், மூன்றாம் மாடி ஹெர் புர்க்கி,
கதவில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார்,
காலுறைகளைப் பார்த்தார்,
தன் கூடையை வெளியே வைத்துவிட்டுப் படியேறினார்.

தை மாதம். லாங்கன்தால் கடைத்தெருவின் உயர்ந்த நடைபாதை.
முன்பு வெள்ளம் பெருகினால்
ஆற்றைத் தெருவிலேயே ஓட விடுவார்களாம்,
அதற்காக இந்த உயரம்.
நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியில் பனி பூத்திருந்தது.
கையுறையைப் பல்லால் கழற்றி
சுட்டுவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு,
அப்படியே பக்கவாட்டில் ஒரு கோடு.
"லாங்கன்தாலின்ர எல்" என்றான்.
"ட" என்றேன்.
"ரெண்டும் ஒண்டோ?"
பாதி ஓம் என்றேன். பஸ் வந்துகொண்டிருந்தது.

பங்குனியில் ட-வுக்கு எதிரே
இன்னொரு சுவர் எழுப்பினான்: ப.
பிறகு அந்த ப-வுக்குள்
ஒரு வளைவைத் திணித்து அடைத்தான்.
நான் பார்க்காத நேரத்தில் நடந்தது இது.
ய.

அழுத்தி எழுதுகிறான்,
பென்சில் நாளுக்கு மூன்று தரம் முறிகிறது.
இரவு வேலை முடிந்து வந்து
தாளைத் திருப்பித் தடவினால்
பின்புறத்தில் மேடாக நிற்கிறது எழுத்து,
இடம் வலம் மாறி.

து இன்னும் வரவில்லை. வால் வேறெங்கோ போகிறது.
ச-வைக் கேட்டால் பசிக்கிறது என்கிறான்.
புள்ளி மட்டும் அவனுக்கு உயிர்.
ன வருமுன்பே, எழுத்தே இல்லாத இடத்தின் தலையில்
தாள் துளைபடக் குத்திவைக்கிறான்.

ஃபிராவ் ஏபி தான் எழுதிய அட்டையைக் கழற்றிவிட்டார்.
கொக்கிக்கு மேல் இப்போது
ஒரு ய, நிறைய வெற்றுத்தாள்,
தள்ளி ஒரு புள்ளி.
அது யாருடைய கொக்கி என்று
ஒரு பிள்ளையும் கேட்பதில்லை.